நான் வாசித்துக் காட்டிய ஒசாகா

எனக்கு ஜப்பானிய மொழி தெரியாது. உலகத்தில் பெரும்பாலோருக்குத் தெரியாது. அதற்காக யாரும் தலை குனிவதில்லை. என் விஷயம் வேறு. ஏறக்குறைய இரண்டு வருஷம் மதுரைப் பக்கம் விளாங்குடியிலும் செல்லூரிலும் நான் ஜப்பானிய மொழி தெரிந்தவனாக நடமாடினேன். அதற்கு வேண்டிய மரியாதையையும், அந்த மரியாதையோடு வந்த காப்பியையும் தயங்காமல் பெற்றுக்கொண்டேன்.

எல்லாம் ஒரு சின்னப் புத்தகத்தால் வந்தது. முப்பதே நாளில் ஜப்பானிய மொழி கற்றுத்தருவதாகப் பத்திரிகையில் விளம்பரம் கண்டு, சென்னையிலிருந்து வி.பி.பி.யில் வரவழைத்தேன். உள்ளே எல்லாம் தமிழ் எழுத்திலேயே அச்சாகியிருந்தது. ஜப்பானிய எழுத்து என்று இருந்தவை அட்டைமேல் இரண்டே இரண்டு. அவற்றையும் அச்சுக்கூடத்தார் தலைகீழாக வைத்துவிட்டார்கள் என்பது எனக்கு வெகு காலம் கழித்துத்தான் தெரிந்தது. முப்பது நாளில் பதினொரு வாக்கியம் மனப்பாடமாயிற்று. காலை வணக்கம், மாலை வணக்கம், இது என்ன விலை, மழை வரும் போலிருக்கிறது, இந்த மாதிரி. ஒரு மனிதன் குடைக் கடைக்குப் போய்வர அது போதும்.

அப்போது நான் நகரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியார். செல்லூர்த் தறிக்காரர்கள் சிலர் எனக்குப் பழக்கம். அந்த நாளில் ஜப்பான் பட்டுநூல் கட்டுக் கட்டாக வந்து இறங்கும். ஒவ்வொரு கட்டிலும் ஒரு வண்ணச் சீட்டு ஒட்டியிருக்கும். ஒரு நாள் யாரோ ஒருவர், "வாத்தியாரே, இதுல என்ன போட்டிருக்கு?" என்று கேட்டார். நான் சீட்டைச் சற்று எட்டப் பிடித்துப் பார்த்துவிட்டு, "உயர்ந்த ரகம், ஈரத்தில் வைக்கக் கூடாது" என்றேன். எந்த நூலையும் ஈரத்தில் வைக்கக் கூடாது என்பதால் அது சரியாகவே இருந்தது. அடுத்த கட்டுக்கும் அதையே சொன்னேன். இரண்டு வருஷத்தில் ஒரு முறைகூட நான் தவறியதில்லை.

இந்தப் புத்தகத்தை வாங்கக் காரணம் என் அண்ணன். ஒரு ஜவுளி வியாபாரி அவனைக் கணக்கப்பிள்ளையாக ஒசாகாவுக்கு அழைத்துப்போனார். கல்யாணமாகி எட்டு மாதம். ஒரு வருஷம் போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பினான். அந்த வியாபாரி அங்கே கடையை மூடிக்கொண்டு சிங்கப்பூருக்குப் போய்விட்டார். அண்ணன் வேறொரு கடையில் வேலை தேடிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டதாக எழுதினான். முதலில் மாதம் ஒரு கடிதம் வந்தது. பிறகு பண்டிகைக்கு ஒன்று. அப்புறம் அதுவும் நின்றது. ஐந்து வருஷம் ஆயிற்று. கடைசி இரண்டு வருஷத்தில் ஒரு வரியும் இல்லை. நாங்கள் எழுதியவற்றுக்கும் பதில் இல்லை. ஐரோப்பாவில் சண்டை தொடங்கியிருந்ததால், கப்பல் தாமதம், தபால் தாமதம் என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தோம். சண்டைக்கு முந்தியும் தபால் வரவில்லை என்பதை யாரும் எடுத்துப் பேசவில்லை.

விளாங்குடி வீட்டில் நாங்கள் மூன்று பேர். என் தாயார், நான், மதினி. அண்ணன் மனைவி என்னைவிட மூன்று வயது இளையவள். எங்கள் வழக்கப்படி மதினி என்றுதான் கூப்பிட வேண்டும். அவளும் என்னைக் கொழுந்தனாரே என்பாள். அவளுக்கு அப்போது இருபத்துநாலு வயது. எட்டு மாதம் குடும்பம் நடத்தியவளுக்கு ஐந்து வருஷக் காத்திருப்பு.

எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு வழி உண்டு. புருஷன் வேண்டாம் என்று பட்டாலோ, போனவன் திரும்பாவிட்டாலோ, நாலு பேர் முன்னிலையில் ஆண் வீட்டார் படப்பிலிருந்து ஒரு வைக்கோல் துரும்பை உருவி, ஒடித்துப் பெண் கையில் கொடுத்தால் உறவு தீர்ந்தது. பிறகு அவள் யாரை வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். வக்கீல் இல்லை, வாய்தா இல்லை. ஒரு துரும்பு. அண்ணன் இல்லாத இடத்தில் தம்பி நான் ஒடித்துக் கொடுக்கலாம் என்று எங்கள் பெரியவர்களும் சொல்லியிருந்தார்கள்.

மதினியின் அண்ணன் அழகர்கோவில் பக்கத்தில் ஒரு கிராமத்தில் விவசாயம் பார்த்தவர். எனக்கு மச்சான் முறை. அந்த வருஷம் ஆனி மாதம் அவர் சொல்லி அனுப்பினார். பக்கத்து ஊரில் மனைவியை இழந்த ஒருவர் இருக்கிறார், நல்ல கிணறு, நல்ல மனிதர், தரகர் மூலம் கேட்டு விட்டிருக்கிறார், ஆவணிக்குள் முடித்துவிட வேண்டும் என்கிறார். அதனால் வருகிற ஞாயிற்றுக்கிழமை நாலு பேரோடு வருகிறேன், துரும்பு கொடுத்துவிடுங்கள். இதுதான் சேதி. தாயார் அழுதாள், ஆனால் மாட்டேன் என்று சொல்லவில்லை. மதினி அந்த வாரம் தன் சேலைகளைத் துவைத்து மடித்து வைத்தாள்; அதில் எல்லாம் இருந்தது.

சனிக்கிழமை காலை தபால்காரர் ஒரு உறையைக் கொண்டுவந்தார்.

முகவரி ஆங்கிலத்தில்தான் இருந்தது. ஆனால் எழுதினது போல் இல்லை. வேறு ஒரு உறையைப் பார்த்துக் கோலம் போட்டதுபோல் ஒவ்வொரு எழுத்தாக வரைந்திருந்தது. உள்ளே மெல்லிய தாளில் நாலு பக்கம், தூரிகையால் மேலிருந்து கீழாக எழுதிய ஜப்பானியக் கடிதம். கூடவே ஒரு போட்டோ. பெரிய கல் மதில் ஒன்றின் முன்னால் ஒரு வயதான மனிதர், அவர் மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள், ஓரத்தில் கோட்டுப் போட்டுக்கொண்டு என் அண்ணன். ஐந்து பேரும் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியிருந்தார்கள். எங்கேயோ ஊர் சுற்றிப் பார்க்கப் போன குடும்பம் என்பது பார்த்த உடனே தெரிந்தது.

அன்று முழுக்கப் புத்தகத்தையும் கடிதத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மழை வரும் போலிருக்கிறது என்பது கடிதத்தில் எங்காவது வருகிறதா என்றுகூடத் தெரியவில்லை. கோபேயிலோ ஒசாகாவிலோ இருந்து திரும்பினவர் யாரையாவது தேடிப்பிடித்துக் காட்டியிருக்கலாம். நகரத்தில் ஜவுளிக் கடைகளில் விசாரித்தால் ஆள் கிடைத்திருக்கும். ஆனால் எந்த முகத்தோடு போவது? அந்தக் கடைகளில்தான் நான் ஜப்பான் வாத்தியார்.

ஞாயிறு காலை மச்சான் வில்வண்டியில் வந்து இறங்கினார். நாலு பேர் பிறகு வருவார்கள் என்றார். அவர் செருப்பைக் கழற்றும் முன்பே தாயார், "பெரியவங்கிட்டயிருந்து லெட்டரு வந்திருக்கு" என்றாள். அவர் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

"வாசிங்க மாப்ள. உங்களுக்குத்தான் அந்தப் பாசை தெரியுமில்ல."

மதினி சமையலறைக் கதவுக்குப் பின்னால் வந்து நின்றாள். வளையல் சத்தம் கேட்டது.

தெரியாது என்று சொல்ல அதுதான் கடைசிச் சந்தர்ப்பம். நாலு எழுத்துள்ள வார்த்தை. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு தாளைக் கையில் எடுத்தேன்.

ஒசாகாவைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் ஆறு வரி இருக்கும். கிழக்கின் மான்செஸ்டர், நெசவாலைகள், புகைபோக்கிகள், ஆறுகள், வாய்க்கால்கள், பாலங்கள். இந்த ஆறு வரியைக் கொண்டு ஒரு குடும்பத்தைக் காலையிலிருந்து பொழுது சாயும்வரை ஊர் சுற்ற வைத்தேன். எழுதினவர் அண்ணன் குடியிருக்கும் வீட்டுக்காரர். விடுமுறை நாள். காலை ஏழு மணிக்கு எல்லோரும் கிளம்புகிறார்கள். அண்ணனையும் வற்புறுத்தி அழைத்துப்போகிறார்கள். டிராம் வண்டியில் ஏறுகிறார்கள். பாலத்துக்கு மேல் பாலமாகத் தாண்டுகிறார்கள்.

தாயார் ஒவ்வொன்றுக்கும் நிறுத்தினாள். ஆறு என்றால் வைகை மாதிரியா என்றாள். வைகை மாதிரிதான், தண்ணீர் உண்டு என்றேன். கோட்டை எப்படி இருக்கும் என்றாள். தெப்பக்குளத்தை நினைத்துக்கொள், மைய மண்டபம் இருக்கும் இடத்தில் கோட்டை என்றேன். அதைச் சுற்றி நாலு பக்கமும் வீதி இருக்குமே என்று அவளே சொன்னாள். இருக்கிறது என்று கடிதத்தைப் பார்த்துச் சொன்னேன். எனக்கு மதுரையைத் தவிர வேறு ஊர் தெரியாது. எனவே மதுரையையே எடுத்து, மேலே சில மாடிகளைக் கட்டி, தண்ணீரைத் திறந்துவிட்டு ஒசாகா ஆக்கினேன். ஏழு மாடிக் கடை ஒன்றில் அவர்களை ஏற்றினேன். உச்சி மாடியில் உட்கார வைத்துச் சோறு போட்டேன். என்ன குழம்பு என்று தாயார் கேட்டாள். மீன் குழம்பு என்றேன். மிருகக்காட்சிச் சாலைக்குக் கூட்டிப்போய் யானை காட்டினேன். "அங்க ஏதுய்யா ஆனை?" என்றாள். இங்கேயிருந்து போனது என்றேன். நம்ம ஊர்க்காரர் இன்னொருவரும் அங்கே இருப்பதில் அவளுக்குத் திருப்தி.

பத்திரிகையில் எப்போதோ படித்தது ஞாபகம் வந்து, பூமிக்கு அடியில் ஓடும் ரயிலில் அவர்களை ஏற்றினேன். தாயாருக்கு அது மட்டும் பிடிக்கவில்லை.

"உசிரோட இருக்கயில மண்ணுக்குள்ள எதுக்குய்யா போகணும்?"

நான் அவசரமாக அவர்களை மேலே கொண்டுவந்தேன்.

போட்டோ கைமாறிக் கதவிடுக்கு வழியாக உள்ளே போயிற்று. வெகுநேரம் உள்ளேயே இருந்தது. பிறகு மதினியின் குரல் வந்தது. "ரொம்ப எளைச்சிருக்காகளே." கோட்டுப் போட்டால் அப்படித்தான் தெரியும் என்றேன். 

தாயார் கேட்டாள். அவன் ஏன் ஒரு வரி எழுதவில்லை, கை இல்லையா? நானே என்னைக் கேட்டுக்கொள்ளாமல் ஒரு நாள் முழுக்கத் தள்ளிவைத்த கேள்வி அது. கண்ணைத் தாளிலிருந்து எடுக்காமல், ஜப்பானில் விருந்தாளி எழுதக் கூடாது, வீட்டுக்காரர்தான் எழுத வேண்டும், அதுதான் அங்கே மரியாதை என்றேன். ஒரு தேசத்தின் ஆசாரத்தை அரை நொடியில் உண்டாக்கியவன் பூகோள வாத்தியார்களில் நான் ஒருவனாகத்தான் இருக்க வேண்டும்.

மச்சான் இவ்வளவு நேரமும் யானையிலும் மாடியிலும் மனம் வைக்கவில்லை. நான் மூச்சு விட்ட இடத்தில் கேட்டார்.

"அதெல்லாம் சரி மாப்ள. வருவாரா, மாட்டாரா? அது அதுல போட்டிருக்கா?"

 வளையல் அசையவில்லை.

இந்த இடத்தில் என் மனம் என்ன நினைத்தது என்பதை ஒழுங்காக எழுதிவிட வேண்டும். தாயார் முகத்தைப் பார்த்தேன். அதற்கு ஒரு பதில் தேவைப்பட்டது. அது ஒன்று. இவ்வளவு வாசித்துவிட்டு முக்கியமான ஒன்றை வாசிக்கத் தெரியவில்லை என்றால் என் கௌரவம் என்ன ஆகும். அது இரண்டு. மதினி போய்விட்டால் வீட்டில் சோறு பொங்க ஆளில்லை என்ற எண்ணம் அப்போது எனக்கு வரவே இல்லை என்று எழுத ஆசைதான். வந்தது.

"போட்டிருக்கு. அடுத்த சித்திரைக்கு வாரேன்னு சொல்லியிருக்கானாம்."

தாயார் கையெடுத்துக் கும்பிட்டாள், கடிதத்தை. மச்சான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"சரி மாப்ள. எழுத்துல வந்திருச்சு. எழுத்துக்கு மேல நான் என்ன பேச? அந்தக் கிணத்துக்காரருக்குச் சொல்லிவிட்டுர்றேன்."

சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னோம். இருக்கவில்லை. வழியிலேயே அந்த நாலு பேரைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்றார். வண்டி போன பிறகு மதினி வெளியே வந்து, மடித்து வைத்த சேலைகளைக் கொடியில் போட்டாள். அவள் முகத்தில் சந்தோஷமா ஏமாற்றமா என்று எனக்குப் படிக்கத் தெரியவில்லை. அன்றைய நாளில் எனக்குப் படிக்கத் தெரியாதவை இரண்டு.

அதோடு முடியவில்லை. அந்த வீட்டுக்காரருக்கு நன்றி சொல்லி ஒரு பதில் எழுத வேண்டும் என்று தாயார் பிடிவாதம் பிடித்தாள். ஆங்கிலத்தில் எழுதினேன். தங்கள் கடிதம் கண்டு மட்டற்ற மகிழ்ச்சி அடைந்தோம். இதுபோன்ற செய்தி அடிக்கடி கிடைக்க வேண்டுகிறோம். தங்கள் குடும்பத்துக்கும் இவ்வாறே எல்லா மங்களமும் உண்டாகுக. உறையின் பின்பக்கம் இருந்த அவர்கள் எழுத்தைப் பார்த்து முகவரியை நானும் கோலம் போட்டேன்.

ஆடிப் பதினெட்டு அன்று மதினி வைகைக்குப் போய்த் தாலிக்கயிறு மாற்றி, புது மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு வந்தாள். ஆவணியில் மச்சான் சொல்லி அனுப்பினார்: அந்தக் கிணற்றுக்காரர் மேலூர்ப் பக்கம் வேறு பெண் கட்டிக்கொண்டார். மதினி சேதி கொண்டுவந்தவருக்கு மோர் கொடுத்தாள்.

சித்திரை வந்தது. நான் சொன்ன சித்திரை. அழகர் ஆற்றில் இறங்குவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே தாயார் என்னை ரயிலடிக்கு விரட்டத் தொடங்கினாள். ஒன்பது நாள் போனேன். நானே புறப்பட வைத்த பயணிக்காக நானே பிளாட்பாரத்தில் போய் நின்றேன். திருவிழாக் கூட்டம், மூட்டையும் முடிச்சுமாக ஆயிரம் பேர் இறங்குவார்கள். ஐந்தாம் நாள் கோட்டுப் போட்ட ஒருவரைப் பார்த்து நாலடி ஓடினேன். வரமாட்டான் என்று எனக்கு மட்டும்தான் தெரியும், ஆனாலும் ஓடினேன். தினமும் வீடு திரும்பினால் மதினி கதவருகே நின்று என் கையைத்தான் பார்ப்பாள், ஏதாவது பெட்டி தூக்கி வருகிறேனா என்று. கப்பல் தாமதம் என்பேன். கப்பல்கள் பாவம், எதையும் தாங்கும்.

அந்த வருஷம் ஆடிப் பதினெட்டுக்கும் மதினி புதுக் கயிறு மாற்றினாள். ஐப்பசியில் செல்லூரிலிருந்து ஆள் வந்தது. கோபேயில் கடை வைத்திருந்த ஒரு பாய், சண்டை அங்கேயும் வந்துவிடும் என்று எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊர் திரும்பியிருக்கிறார், நூல் விஷயமாகச் செல்லூர் வந்திருக்கிறார், சிறுவயதிலிருந்தே அங்கே வளர்ந்தவர், நீங்கள் இருவரும் ஜப்பான் பாஷையில் பேசுவதை நாங்கள் கேட்க வேண்டும் என்றார்கள். சட்டைப் பையில் கடிதத்தை வைத்துக்கொண்டு போனேன். அதை எதற்காக எடுத்தேன் என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. சித்திரையிலிருந்து அது எனக்குள் ஒரு கல்லாகக் கிடந்தது.

ஒரு தறிக் கொட்டகையில் பத்துப் பன்னிரண்டு பேர் தறியை நிறுத்திவிட்டுக் கூடியிருந்தார்கள். பாய் எழுந்து குனிந்து வணங்கி, ஏதோ நீளமாக, இனிமையாகச் சொன்னார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பதினொன்றில் ஒன்றை எடுத்து வீசினேன். "கோரே வா இகுரா தெஸ் கா?"

இது என்ன விலை என்று அர்த்தம். பாய் ஒரு கணம் தன் சட்டையைப் பார்த்துக்கொண்டார். பிறகு, மகா கருணையோடு, சத்தமாகச் சிரித்து என் முதுகில் தட்டி, "மாஷா அல்லா, வாத்தியார் நல்லாப் பேசுறார்" என்று கூட்டத்துக்குச் சொன்னார். அவர் அன்று என் மானத்தைக் காப்பாற்றினார். அதற்குள் காப்பாற்ற வேண்டியது வேறு எதுவும் மிச்சமில்லை.

தனியாக வெளியே வந்ததும் கடிதத்தைக் கொடுத்தேன். நின்றபடியே வலதுகைப் பக்கத் தாளிலிருந்து தொடங்கினார். நான் இடது பக்கத்திலிருந்து வாசித்திருந்தேன். முதல் தாளில் லேசாகச் சிரித்தார்.

"அல்லாரும் ஒருநாள் ஊர் சுத்திப் பார்க்கப் போயிருக்காங்க. உங்க அண்ணனுக்கு ரொம்ப நாளா இருமல். காத்தாட வெளிய கூட்டிப் போகச் சொன்னாராம் டாக்டர். கோட்டைக்குப் போனாங்களாம். படியில பாதியில உட்கார்ந்துட்டாராம். சின்னப் பொண்ணு கூடவே உட்கார்ந்துச்சாம். அப்புறம் பூமிக்கு அடியில ரயிலு..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் மூன்றாம் தாளில் நிறுத்தினார். முதலிலிருந்து திரும்பப் படித்தார். தொப்பியைச் சரி செய்துகொண்டார்.

"வாத்தியாரே, இத வீட்டுல என்னன்னு வாசிச்சீங்க?"

சொன்னேன். யானை வரைக்கும் சொன்னேன்.

"முதல் ரெண்டு பக்கம் ஏறக்குறைய சரிதான்" என்றார் மெதுவாக.

மீதி இரண்டு பக்கத்தில் இருந்தது இதுதான். அந்த நாளுக்குப் பத்தாம் நாள் அண்ணன் ஆஸ்பத்திரியில் இறந்துபோனான். போன வருஷம் வைகாசி. அந்த வீட்டுக்காரர்களே தகனம் செய்து சாம்பலைத் தங்கள் கோவிலில் வைத்திருந்தார்கள். அவனுடைய பெட்டியும், மனைவிக்கென்று அவன் வாங்கிவைத்த மரச் சீப்பு ஒன்றும் அவர்களிடம் இருந்தன. அனுப்புவதா, அங்கேயே வைப்பதா என்று எங்கள் பதிலுக்குக் காத்திருப்பதாக எழுதியிருந்தார்கள். ஆங்கிலம் எழுதத் தெரிந்தவர் யாரும் இல்லாததால் தங்கள் மொழியிலேயே எழுதுவதற்கு மன்னிப்புக் கேட்டிருந்தார்கள்.

பதில் போட்டீர்களா என்று பாய் கேட்டார். போட்டேன் என்றேன். மட்டற்ற மகிழ்ச்சி. இதுபோன்ற செய்தி அடிக்கடி. அவர்கள் வீட்டில் யாருக்கும் ஆங்கிலம் தெரியாது என்பதுதான் இந்த விவகாரம் முழுவதிலும் எனக்குக் கிடைத்த ஒரே சலுகை. யாரிடமாவது கொடுத்து வாசிக்கச் சொல்லியிருப்பார்களோ என்று நினைக்கும் நாட்களில், வாசித்துக் காட்டினவன் என்னைப் போல் ஒருவனாக இருந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

பாய் மறுபடி ஒரு பதில் எழுதித் தந்தார். அது போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது. அடுத்த மாதம் ஜப்பானோடும் சண்டை வந்துவிட்டது. பெட்டியும் சீப்பும் சாம்பலும் அங்கேயே நின்றன. ஒசாகாவில் பிறகு குண்டு விழுந்தது என்று பத்திரிகையில் படித்தேன்.

செல்லூரிலிருந்து விளாங்குடிக்கு வெயிலில் நடந்தேன். வீட்டில் சொன்னேன். யார் எப்படி அழுதார்கள் என்பதை எழுதப்போவதில்லை. தாயாரின் அழுகைக்கு நடுவில் மதினி என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எந்த மாசம்?"

"போன வருஷம் வைகாசி."

அவள் விரல் விட்டு எண்ணினாள். "அப்ப நான் ரெண்டு தடவ கயிறு மாத்தியிருக்கேன்" என்றாள்.

கருமாதிக்கு வந்த மச்சானிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் என்னை அடித்திருக்கலாம். அடிப்பார் என்றுதான் எதிர்பார்த்தேன், கொஞ்சம் விரும்பவும் செய்தேன். அவரோ என்னிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டார், அவ்வளவுதான். மதினிக்கு வேறு இடம் பார்த்தார். புருஷன் இறந்தபின் அறுத்துக் கட்டுவது எங்களில் குற்றமில்லை. ஆனால் ஒன்றரை வருஷம் இறந்தவனுக்கு மஞ்சள் கயிறு கட்டியவள் என்ற பேச்சு எப்படியோ ஊர் ஊராகப் போய்விட்டது. வந்தவர்கள் விசாரித்துவிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு போனார்கள். பிறகு யாரும் வரவில்லை. தாயார் இரண்டு வருஷத்தில் போய்ச் சேர்ந்தாள். நானும் கல்யாணம் செய்துகொண்டேன். மதினி இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள், யாரோடும் அதிகம் பேசாமல். இதை எழுதும்போது அடுக்களையில் அவள்தான் ஏதோ தாளித்துக்கொண்டிருக்கிறாள். வாசனை நன்றாகவே இருக்கிறது. நான் அன்று பயந்தது நடக்கவில்லை. எனக்குச் சோற்றுக்குக் குறைவில்லை.

சண்டை முடிந்து சில வருஷம் கழித்து ஒரு காதுகுத்துக்காக அழகர்கோவில் போயிருந்தேன். சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவரைக் காட்டி, அந்தப் பக்கத்துப் பெரிய கிணற்றுக்காரர் இவர்தான் என்று ஒருவர் சொன்னார். ஊரைச் சொன்னதும் எனக்குக் கை நின்றுவிட்டது. மதினியைக் கேட்டுவிட்டவர். நரைத்த மீசை, சாந்தமான முகம். அடுத்த இலையில் அவர் மனைவி, பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

கை கழுவினதும் அவரைத் தனியே ஒரு மரத்தடிக்கு அழைத்துப்போனேன். பல வருஷமாக மனசுக்குள் எழுதி எழுதித் திருத்திய பேச்சு அது. கடிதம், என் பொய், அதனால் அவருக்கும் அவளுக்கும் இடையில் அறுந்துபோன வாழ்க்கை, எல்லாவற்றையும் சொன்னேன்.  அவர் குறுக்கே பேசாமல், வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே கேட்டார். நான் முடித்ததும் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

"அந்த வருசம் நான் மூணு எடத்துல கேட்டுவிட்டிருந்தேன் வாத்தியாரே. அதுல உங்க வீடு எது?"